படத்துக்குக் கீழே ஒரு வரி

பொன்னாடை போர்த்துகிற விழாக்களுக்கு நான் போவதே இல்லை. காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தேன். ஒரு தீப்பெட்டி ஆலை எரிந்து இரண்டு பெண்கள் செத்தார்கள். பின்கதவு வெளியே பூட்டிக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன், எழுதினேன். முதலாளி அவதூறு வழக்குப் போட்டார். தண்டனை விழுந்தது. ஜாமீன் வரும்வரை சிறையில் கிடந்தேன். பத்திரிகையோ, நான் தங்கள் ஆளே இல்லை என்று கைகழுவிவிட்டது.

சில வருடம் கழித்து அப்பீலில் விடுதலையானேன். “உள்ள இருந்ததுக்கு நஷ்டஈடு எதுவும் கெடைக்குமா சார்?” என்று வக்கீலிடம் கேட்டேன்.

“வெளிய வந்ததே நஷ்டஈடுன்னு நெனச்சிக்கிடுங்க அண்ணாச்சி” என்றார்.

உள்ளூர் நிருபர்கள் சேர்ந்து எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மண்டபத்துக்குப் போன பிறகுதான், செலவு முழுக்க அதே முதலாளியுடையது என்று தெரிந்தது. பொன்னாடையோடு மேடையேறியவரும் அவரேதான்.

அவர் போர்த்தும்போது காதருகே சொன்னேன்: “இது வேண்டாம் அண்ணாச்சி. கதவு பூட்டித்தான் கெடந்துச்சுன்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்.”

“அதெல்லாம் முடிஞ்சுபோச்சுல்லா. மொதல்ல கேமராவப் பாருங்க” என்று சிரித்தார்.

மறுநாள் என் பழைய பத்திரிகையிலேயே படம் வந்தது. அவர் காதருகே நான் குனிந்திருக்கிறேன். கீழே அச்சிட்டிருந்தார்கள்: ‘பொன்னாடை போர்த்திய ஆலை அதிபருக்கு நிருபர் நன்றி தெரிவித்தார்.’

பூட்டிய கதவைப் பற்றி எழுதியதற்கு எனக்குச் சிறை. இந்த வரியை எழுதியவனுக்கு ஒன்றுமில்லை. அந்த விவகாரம் முழுவதிலும் நான் கண்ட அவதூறு இது ஒன்றுதான்.