ஒன்பதாவதாக எழுதிய சைலன்சர்

ஜீப்பை வாங்கிய அன்று அதில் ஒழுங்காக இருந்தவை இரண்டே இரண்டு. ஸ்டியரிங் வட்டமாக இருந்தது. ஸ்டெப்னி டயரில் காற்று இருந்தது. அந்த ஸ்டெப்னியை மாட்டுவதற்கு நட்டு கிடையாது என்பது விருதுநகர் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட வண்டி அது. எத்தனை கை மாறியதோ, கடைசியில் மதுரையில் ஒரு கொட்டகையில் கோழிகள் அடைகிற இடமாக இருந்தது. நான் பார்க்கப் போனபோது பின் சீட்டில் ஒரு முட்டை இருந்தது. விற்றவர் அதையும் சேர்த்தே எனக்குக் கொடுத்துவிட்டார். வழியில் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன், முட்டை போயிற்று.

எனக்கு அப்போது பி.ஏ. முடிந்த சூடு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜீப் பாதி அக்காவின் சேமிப்பு, பாதி என் பிடிவாதம். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை என்றால் பாளையங்கோட்டைக்குப் போய் ஆசிரியர் பயிற்சி முடித்து, சாக்பீஸ் தூளோடு ஓய்வு பெறுவான். எனக்கான விண்ணப்பப் படிவத்தை அப்பா ஏற்கெனவே வரவழைத்து, தன் கையாலேயே நிரப்பி, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு மேஜைமேல் வைத்திருந்தார்.

ஜீப்புக்கும் ஒரு வேலை கிட்டத்தட்ட அமைந்திருந்தது. ஆமத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இரண்டு மைல் வண்டிப்பாதையில் போனால் ஒரு பட்டாசுக் கம்பெனி. பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆட்களையும் காகித லோடையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி வேண்டும் என்று கம்பெனி அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார். மழை பெய்தால் அந்தப் பாதையில் லாரி புதையும், மாட்டு வண்டி கிடந்து நகரும். நான் போய்க் கேட்டேன்.

“அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கக்கிழமை வண்டியக் கொண்டாங்க தம்பி. கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றார்.

வீட்டில் சொன்னதும் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். “நல்லது. அவர் சரி என்றால் நீ ஓட்டு. வேண்டாம் என்றால், அங்கேயே, அவர் முன்னாலேயே இதில் கையெழுத்துப் போடு. நானும் கூட வருகிறேன்.”

பத்து நாள் இருந்தது. என் வாழ்க்கை முழுவதும் அந்தப் பத்து நாளில் மாட்டிக்கொண்டிருந்தது.

அன்றே கோடு போட்ட ஒரு சின்னப் பாக்கெட் நோட்டை எடுத்து வண்டியின் குறைகளை எழுதினேன். மொத்தம் ஒன்பது. எல்லாவற்றையும் பத்து நாளில் பார்க்க முடியாது. எது முந்தி, எது பிந்தி என்று தீர்மானிக்க வேண்டும். படித்தவன் அல்லவா, யோசித்துத் தீர்மானித்தேன். சிவகாசிப் பக்கத்தில் வெடி எப்படி விற்கிறது? மேலே ஒட்டுகிற லேபிளால். பொட்டலத்தில் கிளி நன்றாக இருந்தால் உள்ளே இருக்கிற சரம் தானாக விற்கும். அண்ணாச்சி ஆயுசு முழுக்க லேபிள் பார்த்தே வளர்ந்தவர். ஆகவே முதலாவது, பெயிண்ட். இரண்டாவது, ஹாரன். மூன்றாவது, சீட். பிரேக் நாலாவது. அதற்குப் பிறகு ரேடியேட்டர் ஒழுகல், விளக்கு, ஸ்டியரிங் ஆட்டம், வைப்பர். கடைசியில், ஒன்பதாவதாக, சைலன்சர். சைலன்சரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் ‘டமார்’ என்று வெடிக்கும். போவது பட்டாசுக் கம்பெனிக்கு. அங்கே சத்தம் யாருக்குப் புதுசு என்று நினைத்தேன்.

நோட்டை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அப்பா சிவப்பு மையால் திருத்தி வைத்திருந்தார். ‘வரிசை தவறு. உயிர் முதலில், அலங்காரம் பிறகு. திரும்ப எழுதவும். 35/100.’ அந்த முப்பத்தைந்தும் கையெழுத்துக்காக என்று அடியில் குறிப்பு.

அக்காவிடம் முறையிட்டேன். “ஏலே, நான் பாதி வண்டிக்குச் சொந்தக்காரி. எனக்கு எந்தப் பாதின்னு சொல்லு, அந்தப் பாதியில பிரேக் போடு” என்றாள்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். “தம்பி, மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி சலூனுக்குப் போறாப்புல இருக்கு” என்றார். நான் லேபிள் தத்துவத்தை விளக்கினேன். “அப்பச் சரி, லேபிளே ஓட்டட்டும்” என்று பீடியைப் பற்றவைத்தார்.

யார் சொன்னாலும் கேட்கிற வயசா அது?

பெயிண்டுக்கு என் சிநேகிதன் உதவினான். சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். காலண்டர் லட்சுமி உட்கார்ந்திருக்கிற தாமரைக்கு அடிக்கிற ரோஸ் மை, மிஞ்சிப்போனது, இரண்டு டப்பா கொண்டுவந்தான். “பெயிண்ட் எதுக்குலே? இது வெயில்ல மங்கவே மங்காது. லட்சுமி பன்னெண்டு மாசமும் செவத்துல தொங்குதாள்ல, வெளுத்தா பாத்திருக்கியா?”

“காயுமா?”

“நம்ம ஊரு வெயில்ல காயாத சாமான் எதுலே? காயுதுன்னுதான் இம்புட்டு அச்சாபீசும் தீப்பெட்டியும் இங்கன வந்து கெடக்கு.”

மறுக்க முடியாத வாதம். மண்ணெண்ணெய் கலந்து இரண்டு பேரும் சனிக்கிழமை முழுக்க அடித்தோம், தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து தொட்டுப் பார்த்தேன். கையில் ஒட்டவில்லை. பட்டுப்போல் இருந்தது. ஹாரன் அலறியது. சீட்டுக்குப் புது உறை. பிரேக்கை மெக்கானிக் பாதி பார்த்திருந்தார். பாதி என்றால், கொஞ்சம் முன்கூட்டியே நினைத்துக்கொண்டால் நிற்கும்.

திங்கட்கிழமை காலை புறப்பட்டோம். பட்டாளத்து ஜீப்புக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நான் அங்கே. நம் ஊரில் டிரைவர் இருக்க வேண்டிய வலது பக்கத்தில் அக்கா, லீவு நாள் என்று மடியில் நூல்கண்டை வைத்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு. விருதுநகரில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பின்னால் அப்பா, சட்டைப் பையில் படிவம், கையில் பேனா.

எதிரே வந்த பஸ் டிரைவர் அக்காவைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். பஸ்ஸை ரோட்டை விட்டுக் கீழே இறக்கி நிறுத்திவிட்டார்.

ஆமத்தூர் வந்தது. அங்கேதான் என் வரிசையின் அருமை எனக்கே விளங்கியது. வெடிக்காமல் போக வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. காலை எடுக்காமல் ஊருக்குள் போக வேண்டுமென்றால் பிரேக் வேண்டும். டீக்கடை முன்னால் ஓர் ஆடு குறுக்கே வந்தது. காலை எடுத்தேன்.

டமார்!

வேறு ஊராக இருந்தால் பயந்து ஓடியிருப்பார்கள். இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, ரசித்தார்கள். எல்லாரும் கம்பெனி ஆட்கள்.

“சத்தம் கனமாத்தான் இருக்கு. பொகைதான் சாஸ்தி.”

இரண்டாவது வெடித்தது.

“இது நமத்த சரக்குலே. மொத வெடி கெணக்கா இல்ல.”

“அட, வெடிய விடு. நர்சம்மா கைய விட்டுட்டு ஓட்டுறாக பாரு!”

அக்கா தலை நிமிராமல் ஒரு வரிசை பின்னி முடித்தாள். “நல்லா ஓட்டுதேனா அண்ணாச்சி?” என்றாள். அப்பா படிவம் இருக்கிற பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வண்டிப்பாதையில் வண்டி அருமையாகப் போயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கம்பெனி கேட்டுக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். “அமத்துங்க! எஞ்சினை அமத்துங்க! உள்ள வாறவுக தீப்பெட்டியும் ஆணி வச்ச செருப்பும் வெளிய வச்சிட்டு வாராக. நீங்க கொள்ளிய வாலுல கட்டிக்கிட்டு வாரீகளே!”

அமர்த்தினேன். அண்ணாச்சி கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வது? தள்ளினோம். நான், அப்பா, அக்கா, வாட்ச்மேன். பதினொரு மணி வெயில். தள்ளத் தள்ள உள்ளங்கையில் ஏதோ வழுக்கியது. கையை எடுத்துப் பார்த்தேன். ரோஸ். மேலே ஆடை கட்டியிருந்த மை, வெயிலில் உள்ளேயிருந்து இளகி வந்துகொண்டிருந்தது. காகிதம் மையைக் குடிக்கும், தகரம் குடிக்குமா என்று அச்சகத்தில் வேலை பார்க்கிற என் சிநேகிதன்கூட யோசிக்கவில்லை. வாட்ச்மேனின் காக்கிச் சட்டையில் இரண்டு தாமரை. அப்பாவின் வேட்டியில் எத்தனை என்று எண்ண எனக்குத் துணிச்சல் இல்லை.

அண்ணாச்சி வெள்ளை வேட்டியோடு வந்து வண்டியைச் சுற்றினார். “கலரு நல்லாத்தான் இருக்கு” என்று பானெட்டில் ஒரு தட்டுத் தட்டினார். கையைத் திருப்பிப் பார்த்தார். யோசித்தார். வேட்டியில் துடைத்தார். அப்புறம்தான் வேட்டியைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அது…” என்று ஆரம்பித்தேன்.

“தம்பி, நான் ஒரு பொறி விழக்கூடாதுன்னு பொழுதன்னைக்கும் கெடந்து சாகுதேன். நீங்க வாணத்துல ஏறி உக்காந்து வந்திருக்கீக. அதுக்குப் பூ வேற போட்டிருக்கீக.”

முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். கூடவே என் நோட்டும் வந்தது. ஏன் கொண்டுவந்தார் என்றால், நியாயஸ்தர், தீர்ப்புக்கு ஆதாரம் வேண்டும். நோட்டை அண்ணாச்சியிடம் நீட்டினார். “நான் அன்றைக்கே திருத்திக் கொடுத்தேன் ஐயா.”

அண்ணாச்சி நோட்டை மேலிருந்து கீழே படித்தார். பிறகு விரலைக் கடைசி வரியில் வைத்துக் கீழிருந்து மேலே போனார். “அட, தப்பா ஒண்ணும் எழுதலையே சார். சைலன்சர், வைப்பர், ஸ்டியரிங்… தலைகீழாப் பிடிச்சா கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு. வைப்பர் மட்டும் கொஞ்சம் பொறுக்கலாம்.” என்னைப் பார்த்தார். “வண்டி அந்தப் பாதையில வந்ததப் பாத்தேன். லேசா வந்திச்சு. சத்தத்தையும் பிரேக்கையும் சரிபண்ணிக்கிட்டு வாற திங்கக்கிழமை வாங்க. அன்னைக்கும் வெடிச்சா வரவே வேணாம்.”

அது சரி என்பதா, வேண்டாம் என்பதா? நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அறிவிப்பதற்காகப் படிவத்தை நிமிர்த்திப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாலு மூலையிலும் அவருடைய விரல்கள், ரோஸ் நிறத்தில், ரேகை ரேகையாக. என் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் ஒரு முழுக் கட்டைவிரல்.

முப்பது வருஷமாக மைக்கறை பட்ட தாளை எந்தப் பிள்ளையிடமிருந்தும் வாங்காதவர் அவர். ஊரே அறியும்.

“கையெழுத்துப் போடட்டுமா அப்பா?” என்று ரொம்பப் பணிவாகக் கேட்டேன்.

“இதை எப்படி அனுப்புவது?” என்றார், யாரிடமோ. “வேறு படிவத்துக்கு எழுத வேண்டும். தபாலில் வர ஒரு வாரமாகும்.”

அக்கா முகத்தை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே மெக்கானிக்கிடம் போனேன். சைலன்சர் என்று வாயெடுப்பதற்குள், “ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சா?” என்றார். ஆறு நாள் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தேன். ரேடியேட்டரும் வைப்பரும் அப்படியே கிடந்தன. பிரேக் முழுதாக நின்றது. சைலன்சர் இருந்ததே தெரியவில்லை, அதுதானே சைலன்சர்.

அடுத்த திங்கட்கிழமை ஆமத்தூர் டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள். தூரத்தில் ரோஸ் நிறம் தெரிந்ததுமே கிளாஸை எல்லாம் கீழே வைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்துவிட்டார்கள். காலை எடுத்தேன். ஒன்றும் இல்லை. வேகம் குறைத்தேன், மிதித்தேன், மறுபடி எடுத்தேன். பூனை நடக்கிறமாதிரி வண்டி அவர்களைத் தாண்டியது.

பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தார்.

“என்ன தம்பி, முழுசா நமத்துப்போச்சா?” என்றார், நிஜமான வருத்தத்தோடு.