மணிக்கட்டில் கட்டிய டிவி

எங்கள் வீட்டுக்காரர் ஏணி மேல் நிற்பார், நான் உள்ளே டிவி முன்னால் நிற்பேன். விழுப்புரத்தில் வீடு வீடாகக் கேமரா மாட்டும் வேலையை நாங்கள் இப்படித்தான் செய்துவந்தோம். அவர் கேமராவைத் திருப்பத் திருப்ப, படத்தில் என்ன தெரிகிறது என்று நான் ஜன்னல் வழியாகக் கத்த வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் கீழங்க... ஐய, அவ்ளோ இல்ல! மேல தூக்குங்க! பக்கத்து வூட்டுத் துணிதான் தெரியுது!"

எனக்குத் தொண்டை பெரிசு. பிறந்த வீட்டில் அதற்காக வாங்காத திட்டில்லை. இந்தத் தொழிலில் அதுதான் சோறு போட்டது. ஒரு தெருவில் எதிர்வீட்டு அம்மா நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து, "வுடும்மா, ஆம்பளைங்க அப்படித்தான்" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார். மோரைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.

போனில் சொல்லலாமே என்பார்கள். ஏணி மேல் இரண்டு கையும் வேலையாக இருக்கும். காதில் மாட்டிக்கொள்ள ஹெட்செட் வாங்கிக் கொடுத்தேன். அது ஒரே பேஜாரு என்று கழற்றி வைத்துவிட்டார். டிவியே இல்லாத இடத்துக்கு எங்கள் வீட்டுச் சின்ன டிவியைச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவேன். மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில் கரண்ட் எடுத்து, அந்த டிவியைக் கல் மேல் வைத்து நான் கத்திய கத்தலில், கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கேமரா மாட்டிய நேரத்தைவிட மாடு பிடித்த நேரம்தான் அதிகம்.

மதியம் எங்காவது புளியமர நிழலில் சாப்பிடுவோம். அவர் தன் டப்பாவை விட்டுவிட்டு என் டப்பாவில் கை வைப்பார். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். மறைக்க என்ன இருக்கிறது, வேலையைவிட அவரோடு போவதுதான் எனக்குப் பெரிசு.

அப்படி இருக்கும்போது ஒருநாள் புதுச் சாமான் ஒன்று வாங்கிவந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ள அதற்கு ஒரு வார். கேமரா வயரை அதில் செருகினால் போதும், கேமராவில் விழுவது அங்கேயே தெரியும். ஏணியில் நின்றபடியே பார்த்துத் திருப்பி, முடுக்கிவிட்டு இறங்கலாம்.

"இனிமே நீ வெயில்ல அலைய வேணாம். வூட்ல ரெஸ்ட் எடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரெஸ்ட்டா? நான் கேட்டனா? நான் இன்னா பழைய டிவியா, சாக்குல சுத்திப் பரண்ல போட?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு திரையைத் துடைத்தார். மறுநாளிலிருந்து தனியாகப் போனார். வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக அதற்குச் சார்ஜ் போடுவார். எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. அந்தச் சாமானுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். வயிற்றெரிச்சலில் குழம்பில் உப்பைக் குறைத்தேன். அவர் அதையே பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார். போதாக்குறைக்கு, தெருவே கேட்கிற மாதிரி டிவியை அலறவிட்டார். என்னைச் சீண்டத்தான் செய்கிறார் என்று நானும் சும்மா கிடந்த மிக்சியை ஓடவிட்டேன்.

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதுதான் நிலக்கடலை மண்டியில், வேலை வந்தது. அன்று அவர் கிளம்பிப்போன பிறகு பார்க்கிறேன், சக்களத்தி ஃப்ரிட்ஜ் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறாள். நல்லா வேணும் என்று கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. அவ்வளவு வீம்பா என்று திட்டிக்கொண்டே இரண்டு பேருக்கும் சோறு கட்டி, சக்களத்தியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற நேரமெல்லாம், அவரை நாலு பேர் முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மண்டி வாசலில் தூண் மேல் ஏணி சாய்ந்திருந்தது. அவர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க!" என்றேன், என் முழுத் தொண்டையில்.

மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பினார்கள். எடை போடுகிறவர் திரும்பினார். அவர் மட்டும் திரும்பவில்லை.

"சாமான வூட்ல வுட்டுட்டு அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

அப்போதுதான் ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. நேராக ஏணியைப் பார்த்து வந்தது. "ஏணி! ஏணி! நிறுத்து!" என்று எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். ஒருவர் லாரியின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார். மூட்டை தூக்குகிற ஒருவர் பாய்ந்து ஏணியைப் பிடித்தார். லாரி நின்றுவிட்டது. ஏணி ஆடியதும்தான் அவர் கீழே பார்த்தார், என்ன ஆச்சு என்கிற முகத்தோடு.

நான் ஏணியை நோக்கி ஓடினேன். கழற்றிப் போட்ட ஹெட்செட், அலறிய டிவி, எடுக்காத போன் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிப்போயின. கீழே என்றால் மேலே திருப்புவாரே, கவனம் எங்க இருக்குது என்று நான் திட்டுவேனே, அதுவும் விளங்கியது.

மண்டி முதலாளி வெளியே வந்துவிட்டார். "இன்னாப்பா, இத்தினி பேரு கத்தறாங்க, காதுல வாங்க மாட்டியா? இங்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ எறங்கு. நான் வேற ஆள வெச்சுக்கறேன்."

அவர் இறங்கினார். கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். காதருகில் குனிந்து கேட்டேன். "எப்போலருந்து?"

"ஒரு காது முன்னவே போயிடுச்சு. இப்போ இதுவும் மங்கிக்கினு வருது." அவர் என்னைப் பார்க்கவில்லை. "கிட்ட பேசினா கேக்குது. நீ உள்ளருந்து சொல்றது கேக்கல. காது கேக்காதவன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்? அதான் இத வாங்கினேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ அழுவ."

"இப்போ மட்டும் இன்னா பண்றேன்?" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். இனிமே நான் இல்லாம ஏணில ஏறினீங்க, காலை ஒடிச்சிடுவேன்."

அப்புறம் முதலாளியிடம் போனேன். "மொதலாளி, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனா வேலை சுத்தம், நீங்களே பாருங்க. அவரு மேல இருந்தா கீழ நான் இருப்பேன். என்னைத் தாண்டி ஒரு லாரி இந்தப் பக்கம் வராது."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் சத்தத்துக்கு லாரி இன்னா, ரயிலே நின்னுடும்மா. சரி, ஜல்தியா முடிங்க."

சக்களத்தியை நானே அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். வாசல் கேமரா என்றால், வெளி வெளிச்சத்தில் உள்ளே வருகிறவர் முகம் கறுத்துப்போகாமல் தெரிகிறதா என்று பார்க்க யாராவது அங்கே நிற்க வேண்டும். நான் போய் வாசல் நடுவில் நின்றேன். ஏணியை அந்த மூட்டைக்காரர் பிடித்துக்கொண்டார். கேமராவின் கண் என்னை விட்டுக் கொஞ்சம் விலகியிருப்பது கீழிருந்தே தெரிந்தது. நான் கேமராவைப் பார்த்துக் கையை இடது பக்கம் அசைத்தேன். அவர் மணிக்கட்டைப் பார்த்தார், கேமரா இடது பக்கம் திரும்பியது. உள்ளங்கையைத் தாழ்த்தினேன், கேமரா தாழ்ந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாகக் கீழே என்றதும் கீழே போயிற்று. போதும் என்று கையைக் காட்டினேன். பிறகு கொஞ்சம் யோசித்து, ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிட வாங்க என்று காட்டினேன்.

அவர் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துவிட்டது. தன் குரல் எவ்வளவு உசந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாமல், மண்டி மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

"கொழம்புல இன்னிக்காவது உப்பு போட்டியா?"