நத்துக்குப் போட்ட கசெற்

அந்த ஆந்தை ஏன் வெளியே வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இத்தனைக்கும் நான் யாழ்ப்பாணக் கம்பஸில் விலங்கியல் படித்தவன். படிப்பு எதற்கு உதவியது என்று மட்டும் கேட்காதீர்கள்.

டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் என்னோடு அறையைப் பகிர்ந்திருந்த அண்ணைக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில், மானிப்பாயில். அவர்களைக் கூப்பிட அவர் போட்ட விண்ணப்பம் அசையவே இல்லை. ஏன் அசையவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. நீதி அமைச்சரே இந்த விண்ணப்பங்களை முடக்கிவைத்திருந்தார், பின்னாளில் தமிழர் வழக்கு என்று நாட்டையே உலுக்கப்போவது இதுதான் என்று எங்களுக்கு அப்போது எப்படித் தெரியும்? அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று சொல்பவர், தன் குரலைக் கசெற்றில் பதிந்து அனுப்புவார். அண்ணை அதைக் கேட்டுக்கொண்டேதான் சமைப்பார்.

எனக்குக் கிடைத்ததோ ஆந்தை தேடும் வேலை. பறவைகளை ஆராயும் ஒரு டேனிஷ் பெண்ணுக்கு உதவியாள். ஊருக்கு வெளியே போடும் புது வீதியின் நடுவே ஒரு பழைய கற்குவியல். அதன் அடியிலுள்ள பொந்தில் எங்கள் ஊர் நத்து மாதிரி ஒரு சின்ன ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறதென்று அவளுக்குச் சந்தேகம். இருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை யந்திரம் கிட்டவும் போகக்கூடாது. இல்லையென்றால் கல்லையெல்லாம் அள்ளிவிடுவார்கள்.

இதைச் சொன்னதும் அண்ணை அகப்பையோடு திரும்பினார்.

"ஊரில நத்துக் கத்தினா கெட்ட சகுனமெண்டு கல்லெறிஞ்சு கலைப்பம். நீ சம்பளம் வாங்கிக்கொண்டு கூப்பிடப் போறியோ?"

"ஓம் அண்ணை. ஆந்தைக் குரலைக் கசெற்றில போட்டா, தன்ர இடத்துக்கு வேற ஒண்டு வந்திட்டுதெண்டு நினைச்சுப் பதில் சொல்லும்."

"குடும்பத்தோட இருந்தா றோட்டையே நிப்பாட்டுவாங்களோ?"

"நிப்பாட்டத்தான் வேணும்."

"நல்லாயிருக்கடாப்பா. என்ர குடும்பத்துக்கு ஒரு முத்திரை குத்த ஆளில்லை."

இரண்டு மாலைகள் கசெற் போட்டும் பதில் இல்லை. மூன்றாம் மாலை வீதி வேலை மேற்பார்வையாளனே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இண்டைக்குக் காட்டுங்கோ. இல்லாட்டி காலமை அள்ளுறதுதான்" என்றான். டேனிஷ் பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் கெத்தாக றெக்கோடரை அமுக்கினேன்.

"இஞ்சரப்பா, கேக்குதே? சின்னவனுக்குப் பல்லு விழுந்திட்டுது. எங்களை எப்ப கூப்பிடுறியள்..."

வெட்டவெளி முழுக்க அக்காவின் குரல். சமையலறை மேசையில் இரண்டு கசெற்றுகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன; மாறி எடுத்து வந்துவிட்டேன். நிறுத்தப் போன என் கையை அந்தப் பெண் இறுக்கிப் பிடித்தாள்.

"நிப்பாட்டாத. அங்க பார்!"

கல்லுக்கு மேலே ஓர் உருண்டைத் தலை. மஞ்சள் கண். தலையை மேலும் கீழும் ஆட்டி எங்களை முறைத்தது. அதன் பின்னால், பஞ்சு ஒட்டிய மாதிரி இரண்டு குஞ்சுகள்.

மேற்பார்வையாளன் கட்டிய கையை அவிழ்த்தான்.

"அந்த மனுசி என்ன சொல்லுறா?"

"எப்ப கூப்பிடுவீங்கள் எண்டு கேக்கிறா."

"ஆரை? ஆந்தையையோ?"

அவன் போய்க் கற்குவியலைச் சுற்றித் தன் கையாலேயே சிவப்பு நாடா கட்டினான்.

அறைக்கு வந்தால் கறி கருகிய மணம். அண்ணை ரேப் றெக்கோடருக்கு முன்னால் விறைத்துப்போய் இருந்தார்.

"தம்பி, இவளின்ர கசெற்றில ஏன் நத்துக் கத்துது? அங்க என்னவோ நடந்திட்டுதடா!"

நடந்ததையெல்லாம் கொட்டினேன். பேச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் றெக்கோடரை நிறுத்தினார்.

"அவளின்ர குரலுக்கோ வெளிய வந்தது?"

"ஓம் அண்ணை."

"குஞ்சுகளோட?"

"குஞ்சுகளோடதான்."

"அப்ப இது நல்ல சகுனமோ, கெட்ட சகுனமோ?"

சகுனமாவது மண்ணாவது என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். ஆனால் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். "தெரியேல்லை அண்ணை" என்றேன்.

அவர் அக்காவின் கசெற்றை வாங்கி, துடைத்து, என் பையிலேயே திரும்ப வைத்தார்.

"நாளைக்கும் போறாயெல்லே, போட்டுக்காட்டு."

கருகிய சட்டியைத் தேய்க்கப் போனவர், ஈரக் கையோடு வந்து கசெற்றைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"வேண்டாம். நத்துக்குக் குடும்பம் இருக்கெண்டு அவங்களுக்கு இப்ப தெரிஞ்சிட்டுதே."