மஞ்சள் கை முத்திரை

ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருநாள் போனில் கூப்பிட்டார். "என்னக்கா, உங்க மீன் தூளு இப்பல்லாம் கசக்குது? வெந்தயத்த அள்ளிக் கொட்டிட்டீங்களா?" என்று கேட்டார். கணக்கு நோட்டைப் புரட்டினேன். எங்கள் வேன் பட்டறையில் கிடந்ததால் அந்த மாதம் அவர் கடைக்கு நாங்கள் தூளே போடவில்லை.

ஈப்போவில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மீன் கறித்தூள் செய்து விற்கிறேன். முருகனுக்குச் சூடம் காட்டாமல் மிளகாயைத் தொடமாட்டேன். என் கணவர்தான் வேனில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவார். பாக்கெட்டில் இருக்கும் படம் என் கைதான். மஞ்சள் கரைத்த தண்ணீரில் வலது கையை முக்கித் தாளில் பதித்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், பால் நிறுக்கும் ஸ்டோரில் வாளிக்கும் தொட்டிக்கும் நடுவே மாட்டி என் சுண்டுவிரல் வளைந்துபோயிற்று. அந்த வளைவும் படத்தில் அப்படியே விழுந்திருக்கிறது.

அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மெல்லிய தாள் என்பதால் மஞ்சள் பின்பக்கமும் ஊறிவிட, அச்சுக்கடைக்காரர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துவிட்டார். கை மாறி இடது கை போல அச்சாகி வந்தது. மங்கலக் காரியத்துக்கு இடது கையா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "எந்தக் கைன்னு சாமிக்குத் தெரியும், போவியா" என்று கணவர் அடக்கிவிட்டார்.

அந்தக் கசப்புத் தூள் பாக்கெட்டைக் கணவர் போய் வாங்கி வந்தார். யாரோ ஒரு பையன் மோட்டாரில் கொண்டுவந்து போட்டானாம், கைப் படத்தைப் பார்த்து எங்களுடையது என்றே அக்கா நினைத்துவிட்டாராம். பெயர் வேறு. கை என் கை. அதே வளைந்த சுண்டுவிரல். செய்தவர் யார் என்று எங்கும் போடவில்லை.

அன்றிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். அச்சுக்கடைக்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று நினைத்தேன். கோவிலில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "வியாபாரம் எப்படி?" என்று கேட்டதற்கு, "சுமார்தான்" என்று பொய் சொன்னேன், அதுவும் சாமி முன்னால். கடைசியில் கணவரையே கேட்டுவிட்டேன்.

"நீங்க யாருக்காச்சும் நம்ம பாக்கெட்டு படத்தக் குடுத்தீங்களா?"

"ஏன்டி, என் மேலயே வாரியா? நாளைக்கு நம்ம வீட்டுப் பூனையவும் கூப்பிட்டு விசாரி."

"பூனைக்கு வேன் ஓட்டத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

டவுனில் ஒரு பெண் லாயரிடம் போனோம். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, "இவ்வளவு வருஷமா பதியவே இல்லையா ஆன்ட்டி?" என்றது.

"என் கையை நான் எங்கம்மா போயி பதியறது?"

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னது. மீன் கறித்தூள் என்ற சொல்லை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, எல்லாரும் விற்கும் சரக்கின் பெயர் அது. கைப் படத்தை வணிகச் சின்னமாகப் பதியலாம். அதிகாரிகள் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால் அரசாங்க வெளியீட்டில் போடுவார்கள். போட்ட பிறகு இரண்டு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புச் சொல்லலாம்.

"யார் வேணும்னாலுமா?"

"யார் வேணும்னாலும்தான் ஆன்ட்டி. அதனால நீங்கதான் முதல்ல வித்தீங்கன்னு காட்ட பழைய பாக்கெட் இருந்தா கொண்டு வாங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போதுகூட, இந்தப் பிள்ளை யாருக்கு வேண்டியவளோ என்று ஒரு பாக்கெட்டைச் சாமி அறையில் மறைத்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

விண்ணப்பம் போட்டுப் பல மாதம் கழித்துச் சின்னம் அரசாங்க வெளியீட்டில் வந்தது. இரண்டு மாதம் முடியப்போகிற நேரத்தில் லாயர் கூப்பிட்டு, எதிர்ப்பு வந்திருக்கிறது என்றது. யார் என்று கேட்டேன். அது சொன்ன பெயரை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். என் கணவருடைய சித்தப்பா மகன். ஹுத்தான் மெலிந்தாங்கில் மாவு மில் வைத்திருப்பவன். அந்தக் கைப்படம் தன் மில் வாசற்சுவரில் இருப்பது, அங்கிருந்துதான் எடுத்துத் தன் தூள் பாக்கெட்டில் போட்டேன் என்று சொல்லியிருந்தான்.

பொய் என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சுவரில் கை வைத்தவள் நான்தான். அவன் மில் திறந்த அன்று, "அண்ணி, நீங்கதான் மஞ்சள் கை வைக்கணும்" என்று கூப்பிட்டான். சுமங்கலி கை பட்டால் தொழில் செழிக்கும் என்பார்கள். முருகா என்று சொல்லி மனசாரப் பதித்தேன். அதற்கு வெகுநாள் முன்பிருந்தே என் பாக்கெட் கடைகளில் இருந்தது. ஆனாலும் என் கையையே எனக்கு எதிராகத் திருப்புகிறானே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

கணவரோடு புறப்பட்டுப் போனேன். மில்லில் மிளகாய் நெடி. எங்களைப் பார்த்ததும் அவன் எழுந்து வந்தான்.

"வாங்கண்ணே, வாங்கண்ணி. தேத்தண்ணி சொல்லவா?"

"தேத்தண்ணி குடிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றேன்.

"கோவப்படாதீங்கண்ணி. நீங்க ஆசையா வச்ச கை. நம்ம அண்ணி கைதானேன்னு உரிமையா போட்டுட்டேன். குடும்பத்துக்குள்ள இது என்னா கேஸ்லா?"

"எதிர்ப்புப் போட்டது நீ. கேஸ் யாரு போட்டா?"

"இல்லண்ணி, நீங்க பதிஞ்சிட்டா நாளைக்கு என்னைய விக்க விடமாட்டீங்க. என் சுவத்துல இருக்கிறத நான் போடக்கூடாதா?"

என் கணவர் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரி தலையைத் தொங்கப்போட்டார். வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். அழியாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தான். மங்கிய மஞ்சளில் என் கை, வளைந்த விரலோடு. என் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. கட்டைவிரல் இடப்பக்கம் பார்த்தது.

பையிலிருந்து அவன் பாக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். அதில் கட்டைவிரல் வலப்பக்கம் பார்த்தது, என் பாக்கெட்டில் இருக்கிற மாதிரியே.

"தம்பி, இங்க வா. உன் சுவத்துல நான் வச்சது வலது கை. உன் பாக்கெட்டுல இடது கை எப்படி வந்துச்சு?"

அவன் பார்த்தான். சுவரைப் பார்த்தான், பாக்கெட்டைப் பார்த்தான்.

"அது... பிரிண்ட் போட்டவன் மாத்திட்டான் போல அண்ணி."

"என் அச்சுக்கடைக்காரரு தெரியாம செஞ்ச தப்ப, உன் ஆளும் அப்படியே செஞ்சானா?"

"விடு, போலாம்" என்று கணவர் என் தோளைத் தொட்டார். விடவில்லை. சுவரையும் பாக்கெட்டையும் சேர்த்துக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டுதான் வேனில் ஏறினேன்.

லாயரிடம் காட்டினேன். இதையெல்லாம் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கோவிலுக்குப் போய்விட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். சில வாரங்களில் அவன் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பதிவுச் சான்றிதழ் வந்தது. அதைச் சாமி அறையில் வைத்துக் குங்குமம் இட்டேன். புதிதாகப் பாக்கெட் அடிக்கும்போது கையைச் சரிசெய்யலாமே என்று அச்சுக்கடைக்காரரே கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

போன மாதம் அந்த வழியாகப் போன கணவர், மில் சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள் என்றார். என் கை இல்லையாம். வெட்கத்தில் அடித்தானா, வயிற்றெரிச்சலில் அடித்தானா, சொல்லத் தெரியவில்லை. சுமங்கலி கையை அழித்தால் யாருக்கு ஆகாது, அவனுக்கா எனக்கா என்று அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றினேன்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் புதுவீடு புகுந்தார்கள். மஞ்சள் கை வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மறுக்க முடியுமா, போனேன். கிண்ணத்தில் கையை முக்கிவிட்டு, சுவரில் வைப்பதற்கு முன் ஒருமுறை திரும்பி, யார் யார் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேன்.