குழாய்க்காரர் முங்கிய ஞாயிறு

குழாய்க்காரர் அந்தச் சபைக்கு முதன்முதலில் வந்தது ஜெபிக்க அல்ல, அடைப்பு எடுக்க. மேடைக்குப் பக்கத்திலிருந்த ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆராதனைக்கு முன்பே முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். குழாய்க்காரர்கள் கொடுக்கும் வாக்கு. பாட்டு தொடங்கியபோதும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். சொட்டச் சொட்ட வெளியே நடக்கக் கூச்சம். இயேசுவின் நினைவாகத் தரும் திருவிருந்தின் அப்பத் தட்டு வரிசையாக நகர்ந்து தொட்டி ஓரத்துக்கும் வந்தது. நீட்டியதை மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுவாரம், மறந்து வைத்த ஸ்பேனரை எடுக்க வந்தவர் பிரசங்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். தொட்டியில் ஈரமாகப் பார்த்த ஆளிடம் ஞானஸ்நானம் எடுத்தாயா என்று யார் கேட்பார்கள்? பார்த்தவர்களில் ஒருவர் தன் மகளையே கட்டிக்கொடுத்தார்.

அடைப்பு போன நாளிலிருந்து தொட்டி ஒழுகியது. சனிக்கிழமை நிரப்பினால் ஞாயிறு காலையில் முழங்கால்வரைதான் நிற்கும். வருடத்துக்கு இரண்டு முறை தண்ணீரை வடித்து, துடைத்து, உள்ளே தவழ்ந்து, சந்தேகப்பட்ட இடமெல்லாம் சிமெண்ட் பூசுவார். ஒழுக்கு மட்டும் பிடிபடவில்லை.

புதிதாக வந்த பாஸ்டர் உறுப்பினர் பட்டியல் எழுத ஆரம்பித்தார்.

"உங்க ஞானஸ்நானத் தேதி?"

ஏதாவது ஒரு தேதி சொல்லியிருக்கலாம். அப்பம் தின்ற வாய்க்குப் பொய் வரவில்லை.

"எடுக்கலைங்க பாஸ்டர்."

பாஸ்டர் பேனாவை மூடினார். "பந்தியில மட்டும் கை நீட்டுறீங்க?"

"தட்டு வந்துச்சு. எடுத்தேன்."

"முதல்ல ஞானஸ்நானம், அப்புறம்தான் திருவிருந்து. கனெக்‌ஷன் குடுக்காம குழாயில தண்ணி வருமா? உங்களுக்குத் தெரியாததா?"

"இருபத்திரெண்டு வருஷமா வருதே பாஸ்டர். எங்கேயோ கனெக்‌ஷன் இருக்குன்னுதானே அர்த்தம்?"

பாஸ்டர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"இயேசு வச்ச அந்த முதல் பந்தியில பன்னெண்டு பேர் உக்காந்தாங்களே, அவங்ககிட்ட யாராவது தேதி கேட்டாங்களா?" என்றார் குழாய்க்காரர்.

"அவங்க பேரு என் லிஸ்ட்டுல இல்ல. உங்க பேரு இருக்கு."

அடுத்த திருவிருந்தில் தட்டு அவரைத் தாண்டிப் போனது. பழக்கத்தில் நீண்ட கை, பாதி வழியில் திரும்பி வந்து முழங்காலைச் சொறிந்தது. நகத்தளவு அப்பம்தான். அன்று வீட்டில் இரண்டு தட்டு சாப்பிட்டும் அந்த இடம் நிரம்பவில்லை.

மனைவி விடவில்லை. "தொட்டியில பாத்துட்டுத்தானே எங்கப்பா பொண்ணு குடுத்தாரு!"

"நின்னது நெஜந்தானே?"

"அடைப்பு எடுக்க நின்னீங்க!"

"உங்கப்பா எதுக்குன்னு கேக்கலையே."

"இப்பவாவது முங்கிட்டு வாங்களேன். பொழப்பே தண்ணியிலதானே, என்ன வெக்கம்?"

"தொட்டி ஒழுகுது."

"அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வருதா?"

அடுத்த மாதம், குழாயைத் திறந்தே வைத்து, தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பினார்கள். பாஸ்டர் அவரைப் பின்புறமாகச் சாய்த்து முக்கினார். காது அடைத்தது. பாட்டு நின்றது. நிலைதடுமாறிய வலக்கை படிக்கட்டின் அடியில் ஊன்றியது. அங்கே விரல் நுனியை ஏதோ மெல்ல உறிஞ்சியது.

இருபத்திரண்டு வருடம் அந்த ஒழுக்கைக் காலித் தொட்டியில் தேடியிருந்தார். காலித் தொட்டி ஒழுகாது.

விரலை எடுத்தால் இடம் தவறிவிடும். பாஸ்டர் இழுத்தார். அவர் வரவில்லை. சபை சத்தமாக ஜெபிக்கத் தொடங்கியது. அபிஷேகம் இறங்கிவிட்டது என்றார்கள் சிலர்.

"ஏதோ ரிப்பேர் பாக்குறாரு" என்றாள் மனைவி.

கடைசியில் இருமிக்கொண்டே எழுந்தார். "கெடச்சிடுச்சு பாஸ்டர்! படிக்கு அடியில!"

"ஆமென்!" என்று பாஸ்டர் அவசரமாக, மிகச் சத்தமாகச் சொன்னார்.

துண்டைப் போர்த்திக்கொண்டு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெஞ்சு நனைந்தது. தட்டு வந்தது, நின்றது. விரல் சுருங்கி வெளுத்திருந்ததால் அப்பத் துண்டு உடனே அகப்படவில்லை. இரண்டாம் முறை எடுத்தார்.

மனைவி குனிந்தபடி முணுமுணுத்தாள்: "முதல் தடவை. மெதுவா மெல்லுங்க."