ஜப்பான்காரர் விட்டுப்போன படக்கதை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மத்தூர்ல எங்க வீட்டுல எல்லாரும் சொல்றதுதான். அந்த வாயால ஒருத்தியோட தங்கச்சியை நானே சாகடிச்சுட்டேன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் நாலஞ்சு வருஷம் ஓசூர் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில இருந்தேன். பித்தளை பார்ட்ஸை லைட்டுக்கு அடியில வச்சுக் கீறல் பார்க்கிற வேலை. புது மிஷின் பழக்கிவிட ஜப்பான்ல இருந்து ஒரு சார் வந்து மூணு மாசம் இருந்தாரு. மயிர் அளவு கீறல் இருந்தாலும் தட்டோட ரிஜெக்ட் பண்ணிடுவாரு. அவர் ஊருக்குப் போனப்ப டிரெயினிங் ரூம் மேஜையில ஒரு தடிப் படக்கதைப் புத்தகத்தை விட்டுட்டுப் போயிட்டாரு. நான்தான் அதை ஹாஸ்டலுக்கு எடுத்துட்டு வந்தேன்.

பிரிச்சுப் பார்த்தா அட்டைப்படம் பின்பக்கம் இருக்கு. எங்களுக்குப் பிடிபடாத சந்தோஷம். ஜப்பான்காரனுக்கும் தப்பு வருது பாருடி, அட்டையை மாத்தி ஒட்டிட்டானுங்கன்னு அன்னிக்கு முழுக்கச் சிரிச்சோம். முதல் பக்கத்துல கீழ கறுப்பா நாலஞ்சு திட்டு வேற இருந்துச்சு. அதையும் மை சிந்தினது, ரிஜெக்ட்னு தீர்ப்பு சொன்னேன்.

எழுத்து ஒண்ணும் புரியாது. ஆனா அந்தப் படத்துக்கு எழுத்து எதுக்கு? முதல்ல ஆள் இல்லாத ஒரு வீடு, தரையில மூடி வச்ச ஒரு தட்டு. அப்புறம் வாசல்ல அழுகுற அம்மா, குளத்துல கம்பு விட்டுத் துழாவுற ஆளுங்க. தண்ணி மேல பரப்பிக் கிடக்குற தலைமுடி. தண்ணிக்குள்ள ஒரு சின்னப் பொண்ணு, கண்ணு திறந்தபடி. அடுத்த பக்கத்துல அவ இடுப்பளவு தண்ணியில நிக்கிறா. கரையில கிடந்த செருப்பை மாட்டிக்கிட்டு புல்லுக்குள்ள நடந்து வீட்டுக்குப் போறா. கடைசியில அம்மா சோறு போடுறா, அவ சிரிக்கிறா. ஐயோ, அந்தக் கண்ணு. முகத்துல பாதி கண்ணுதான். தளியில இருந்து வந்த கன்னடப் புள்ள, இது அப்படியே எங்க பெரியப்பா பொண்ணுன்னா. மெஸ்ஸுல சமைக்கிற தெலுங்கு அம்மா, தன் பேத்தின்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எந்த ஊர்க்காரி பார்த்தாலும் அவங்க வீட்டுப் பொண்ணாத் தெரிஞ்சா அவ. புத்தகம் ரூமுக்கு ரூம் சுத்துச்சு.

என் ரூம்ல இருந்த அக்கா கைக்கு வந்ததும் அது நின்னுபோச்சு. அவங்க விருதுநகர் பக்கம். மூணு வருஷத்துக்கு முன்னால அவங்க தங்கச்சி துணி துவைக்கக் கம்மாய்க்குப் போனவ திரும்பல. கரையில செருப்பு மட்டும் கிடந்துச்சாம். புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு, பாரு தாயி, வந்துட்டான்னு என்கிட்ட சொன்னாங்க. மறுநாள்ல இருந்து மெஸ்ஸுல ஒரு தட்டுச் சோறு கூடுதலா வாங்கி, கட்டில் பக்கத்துல மூடி வச்சாங்க. காலையில அவங்களே அதுல தண்ணி ஊத்திச் சாப்பிடுவாங்க. சில நாள் சோறு குறைஞ்ச மாதிரி இருக்கும். எறும்பா இருக்கும்னு நான் பேச்சை மாத்துவேன்.

அந்த நேரம்தான் அவங்க அப்பா ஹாஸ்டல் போனுக்குக் கூப்பிட ஆரம்பிச்சாரு. கண்ணை மூடினா சின்னவ தலைமாட்டுல ஈரத்துணியோட வந்து நிக்கிறான்னு அம்மா சொல்றாங்களாம். அன்னம் தண்ணி இறங்கல. காரியம் பண்ணிட்டா அடங்கும்னு பூசாரி சொல்லியிருக்காரு. பெரியவ வராம பண்ண மாட்டேன்னு அம்மா பிடிவாதம். அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: செத்தவளுக்குத்தான் காரியம். போனை வச்சுட்டாங்க. ரெண்டாவது தடவையும் அதேதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ராயக்கோட்டையில இருந்து கம்பெனியில எங்க லைன்ல வேலை பார்க்குற பொண்ணு ஒருத்தி என்னைப் பார்க்க வந்தா. முஸ்லிம் வீட்டுப் பொண்ணு, அவங்க அத்தாவுக்குத் தக்காளி மண்டி. அக்கா குளிக்கப் போயிருந்தாங்க. இவ புத்தகத்தைக் கையில எடுத்து, யோசிக்காம அட்டைப்படம் இருந்த பக்கம் திறந்து, வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா விரலை ஓட்டினா. ஏய், தலைகீழாப் பார்க்குறியேன்னேன். "நாங்க ஓதுற அரபுக் கிதாப் இப்படித்தான் திறக்கும். நீங்கதான் தலைகீழாப் பார்த்திருக்கீங்க"ன்னா. அவ ஒவ்வொரு பக்கமாத் திருப்பத் திருப்ப, சிரிச்சுக்கிட்டு சோறு தின்ன பொண்ணு எழுந்தா, புல்லுக்குள்ள நடந்தா, செருப்பைக் கழட்டினா, தண்ணியில இறங்கினா. அக்கா வர்றதுக்குள்ள புத்தகத்தை வாங்கி இருந்த இடத்துல வச்சுட்டேன்.

ரெண்டு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். மூணாவது நாள் சாயங்காலம் மறுபடி அக்காவோட அப்பா போன் பண்ணினாரு. அம்மா எழுந்து உட்காரவே முடியலன்னு அந்த மனுசன் அழுதது எனக்கே கேட்டுச்சு. அக்கா அப்பவும் போனை வச்சுட்டு வந்து, தட்டைக் கழுவ உட்கார்ந்தாங்க. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். இல்லாதவளுக்குச் சோறு, இருக்குற அம்மாவுக்கு ஒண்ணுமில்லையான்னு கத்திட்டேன். புத்தகத்தைப் பிடுங்கி அட்டைப்பக்கமாத் திறந்து மடியில போட்டேன்.

"இந்தப் பக்கத்துல இருந்து பாருக்கா. அவ வரல. போறா."

அக்கா ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாங்க. செருப்பு வந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னாங்க. நான் அழ ஆரம்பிச்சுட்டேன், அவங்க அழல. கடைசிப் பக்கம் வந்துச்சு. நாங்க முதல் பக்கம்னு நினைச்சிருந்த பக்கம். ஆள் இல்லாத வீடு, மூடின தட்டு. நான் மை சிந்தினதுன்னு சொன்ன திட்டு மேல விரலை வச்சாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. அஞ்சு விரலோட சின்னச் சின்ன ஈரக்கால் தடம், வாசல்ல இருந்து தட்டு வரைக்கும். நாள் முழுக்கக் கீறல் பார்க்குற கண்ணு என்னுது. அது அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

"வந்திருக்கா. யாரும் பார்க்கல, அதான் நின்னுக்கிட்டே இருக்கா"ன்னாங்க. அப்புறம் எழுந்து பையில துணியை அடுக்கி, அன்னிக்கே பஸ் ஏறிட்டாங்க. புத்தகத்தையும் கொண்டு போயிட்டாங்க.

அன்னிக்கு மெஸ்ஸுக்குப் போனவ, என்னை அறியாம ரெண்டு தட்டு வாங்கிட்டு வந்தேன். மூடி, அதே இடத்துல வச்சேன். மறுநாளும் வச்சேன். அதுக்கு அடுத்த நாளும். பயமா, பாவமா, என் வாய்க்கு நானே போட்டுக்கிட்ட தண்டனையான்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லல.

நாலாவது நாள் மத்தியானம் அக்கா போன் பண்ணினாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சது, கம்மாய்க்கரையில படையல் போட்டாச்சு, அம்மா ஒரு வாய் கஞ்சி குடிச்சாங்கன்னு சொன்னாங்க. மன்னிச்சுடுக்கான்னேன். நீ சொல்லலைன்னா எங்க அம்மாவையும் சேர்த்துத் தூக்கியிருப்போம்னாங்க. போனை வைக்கிறதுக்கு முன்னால சாதாரணமாச் சொன்னாங்க:

"இனிமே நீ தட்டு வைக்க வேணாம், தாயி."

ரூமுக்கு வந்தேன். சித்திரை வெயில், ஜன்னல் கம்பி தொட முடியாமச் சுடுது. தட்டுக்குப் பக்கத்துல தரை ஈரமா இருந்துச்சு. துப்பட்டாவால துடைச்சுட்டு, தட்டைக் கழுவிக் கவுத்து வச்சேன்.