முழுக்கைச் சட்டை

காலையில் எழும்பியதும் நான் செய்கிற முதல் வேலை படுக்கை விரிப்பை உதறுவது. இரவு முழுக்க உடம்பிலிருந்து உதிர்ந்த செதில்கள் அதில் வெள்ளையாகக் கிடக்கும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், ஈரம் காயுமுன் களிம்பு, தலைக்குத் தார் மணக்கிற எண்ணெய். முதுகுக்குப் பூசிவிடுவது மனைவி. அவளும் அலுத்துப்போயிருப்பாள், சொல்வதில்லை. துறைமுகக் களஞ்சியத்தில் எனக்கு லீவு உண்டு. இந்த வேலைக்கு லீவே கிடையாது.

எனக்கு இருப்பது சொரியாசிஸ். தோல் கிளினிக் டொக்டர் முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "ஐயா, இது ஆருக்கும் தொத்தாது. உங்கட உடம்பே அவசரப்பட்டுத் தோலை வளர்க்குது. அடியோட மாறுற வருத்தமில்லை. ஆனா அடக்கி வைச்சிருக்கலாம்."

அன்றிலிருந்து அடக்கி வைத்திருக்கிறேன். கவலை வந்தால் கூடும். தொண்டை நோ வந்தால் கூடும். காலை வெயில் பட்டால் கொஞ்சம் இறங்கும். இடையில் ஒரு தடவை பொறுமை கெட்டு, முற்றாக மாற்றித் தருகிறேன் என்ற ஒருவரிடம் குளிசை வாங்கி விழுங்கினேன். தோல் பச்சைப்பிள்ளையின் தோலாகிவிட்டது. குளிசை முடிந்ததும் பழைய இடங்களோடு புதிய இடங்களும் சேர்ந்து பற்றியெரிந்து, உடம்பெல்லாம் சிவந்து வார்டில் கிடந்தேன். "கண்டதையும் விழுங்கிப்போட்டுத் திடீரெண்டு நிப்பாட்டினா இப்பிடித்தான்" என்று டொக்டர் ஏசினார். அந்த ஏச்சைக் கேட்கக்கூட எனக்குத் தெம்பிருக்கவில்லை.

உடம்பை மறைக்க எப்போதும் முழுக்கைச் சட்டைதான். களஞ்சியத்தில் என்னைத் 'துரை' என்று பகிடி பண்ணுவார்கள். "வெக்கையில்லையோ?" என்று கேட்டால், "பழகிப்போச்சு" என்பேன். பச்சைப் பொய். மத்தியானத்தில் வியர்வை செதிலுக்குள் இறங்கி எரிக்கும்போது சட்டையைக் கிழித்தெறியலாம் போலிருக்கும்.

பெரிய சிக்கல் கோயில்தான். எங்கள் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே நான் போவதை விட்டேன். மனைவியையும் மகளையும் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே தேத்தண்ணிக் கடையில் காத்திருப்பேன். ஊர் சும்மா இருக்குமா? நான் கிறிஸ்தவ சபைக்குப் போகிறேன், வேதத்துக்கு மாறிவிட்டேன் என்று தானாகவே முடிவுகட்டிவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் தோலை விசாரிக்காமல் கர்த்தரை விசாரித்தது வசதியாகவும் இருந்தது. நான் மறுத்துச் சொல்லவில்லை.

மகளுக்குத் தம்பலகாமத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பிள்ளைகள் இருவருக்கும் விருப்பம். எல்லாம் முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் தனியாக வீட்டுக்கு வந்தார். வயல் செய்கிற மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. நீங்கள் சபைக்குப் போறதெண்டு ஒரு கதை அடிபடுது. எங்களுக்குச் சைவ முறைப்படி எல்லாம் செய்யோணும். அது ஏலாதெண்டா இதோட விடுவம்."

மகள் குசினி வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு கையின் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன்.

"சபையுமில்லை, ஒண்டுமில்லை. இதை வைச்சுக்கொண்டுதான் கோயிலுக்குள்ள போகேல்லை."

அவர் குனிந்து பார்த்தார். "தொத்துமோ?"

"தொத்தாது."

"பிள்ளையளுக்கு வருமோ?"

வராது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "வரலாம், வராமலும் விடலாம். என்ர தாய் தகப்பனுக்கு இல்லை. எனக்கு வந்திட்டுது."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கிழமை முழுக்க மகள் தொலைபேசியைக் கையை விட்டு இறக்கவில்லை. கடைசியில் அவரே அழைத்தார்.

"எங்களுக்குச் சம்மதம் அண்ணை. ஒரே ஒரு விசயம். பிள்ளையைத் தாரை வாக்கிறதுக்கு உங்கட மச்சான் இருக்கட்டும். சனம், வீடியோ... விளங்கும்தானே."

விளங்கியது. தாரை வார்க்கிற தகப்பன் வேட்டி சால்வையோடு, வெறும் மேலுடன்தான் மணவறையில் இருக்க வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். "ஓம், பாப்பம்" என்று வைத்துவிட்டேன்.

அந்த மச்சானுக்கே, மனைவியின் தம்பிக்கே, அது மனம் கேட்கவில்லை. "அத்தான், அந்தப் பழைய குளிசையை ஒரு மாசத்துக்குப் போடுங்கோவன். கலியாணத்துக்கு மட்டும்" என்றான். எனக்கு ஆசை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உண்மையாகவே ஆசை வந்தது.

மகள்தான் இடையில் வந்தாள். "வார்டில நீங்கள் கிடந்த கிடை எனக்கு மறக்கேல்லை அப்பா. அந்தக் குளிசையும் வேண்டாம், மாமாவும் வேண்டாம். என்னைக் குடுக்கிறதெண்டா நீங்கள் குடுங்கோ. இல்லாட்டி ஒருத்தரும் குடுக்க வேண்டாம்."

அன்று பின்னேரம் அவள் கிணற்றடியில் நின்று மாப்பிள்ளையோடு தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தாள். என்ன சொன்னாளோ தெரியாது. அதற்குப் பிறகு மச்சானின் பேச்சு அந்தப் பக்கத்திலிருந்து எழவேயில்லை.

கவலை என்று வந்தால் இந்தத் தோல் வருத்தம் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. முகூர்த்தம் நெருங்க நெருங்க தோளிலும் வயிற்றிலும் கூடிக்கொண்டே வந்தது. அப்படியே போய் மணவறையில் உட்கார்ந்தேன். வீடியோ வெளிச்சத்தில் களிம்பு மினுங்கியது. முன்வரிசைக் கதிரைகளில் சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்காதது போல இருந்தார்கள். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். மனைவி தண்ணீர் வார்த்தாள். என் கையிலிருந்து ஒரு செதில் உதிர்ந்து, மகளின் ஈர மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள். தட்டிவிடவில்லை.

வீடியோக்காரர் என் காதருகே குனிந்தார். "ஐயா, சால்வையை இழுத்து மூடுங்கோவன். படத்துக்கு வடிவாயிருக்கும்."

"வேண்டாம் தம்பி," என்றேன். "சரியான வெக்கை."